ஒரு பொருளுக்கு மூன்று பைகள்: அமெரிக்கக் கடைகளில் கூப்பன், தள்ளுபடி விலை, ரிபேட் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு கடையில் மூன்று புட்டி டிடர்ஜென்டும் ஒரு புட்டி பாத்திரம் கழுவும் திரவமும் வாங்கினேன். வழக்கமான விலைப்படி வரியுடன் 30 டாலர் 88 சென்ட் ஆகியிருக்க வேண்டிய பொருள்களுக்கு நான் கொடுத்தது 11 டாலர் 2 சென்ட். அன்று மாலையே அதில் 2 டாலர் ரிபேட்டாகத் திரும்பி வந்தது. அடுத்த முறை அதே கடையில் செலவிட 4 டாலருக்கான வெகுமதிச் சீட்டு ஒன்றும் ரசீதின் அடியில் அச்சாகி வந்தது.

இந்தக் கணக்கைத் தடுமாறாமல் போடக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு காசாளர் முன் விழித்து நின்ற நாள்கள் பல. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்த ஓராண்டைக் கடக்காமல் நேராக விஷயத்துக்கு வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடையின் செயலியை இறக்குவது, கைப்பேசி எண்ணைக் கொடுத்து உறுப்பினராவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. அவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள் அல்லது வீட்டிலுள்ள பிள்ளைகள் இரண்டே நிமிடங்களில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

முதலில் ஒரு கேள்வி: இது யாருடைய பணம்?

நம் ஊரில் ஆடித் தள்ளுபடி என்றால் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார், நாம் வாங்குகிறோம், அத்துடன் கதை முடிந்தது. இங்கே ஒரே பொருளின் விலை பல இடங்களில், பல பேருடைய பையிலிருந்து குறைகிறது. எந்தக் குறைப்பு யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால், எதை எதனுடன் சேர்க்கலாம், எதை முதலில் கொடுக்க வேண்டும், வரி ஏன் அப்படி வருகிறது ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதற்பை கடையினுடையது. வாராந்திர விளம்பரத் தாளில் வரும் தள்ளுபடி விலையும், கடை தன் பெயரில் வெளியிடும் கூப்பனும் இதில் அடங்கும். இரண்டாவது, பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் பை. தயாரிப்பாளர் கூப்பனை நீங்கள் கடையில் கொடுத்தால், கடை அந்தத் தொகையை உங்களுக்குக் குறைத்துவிட்டுக் கூப்பனைத் தயாரிப்பாளரிடம் அனுப்பி முழுத் தொகையையும் வசூலித்துக்கொள்கிறது. கையாளும் கூலியாக ஒரு கூப்பனுக்கு 8 சென்ட் அதற்கு மேலும் கிடைப்பது வழக்கம். ஆகவே கடைக்காரருக்கு நட்டம் உண்டாக்குகிறோமோ என்று கூச வேண்டியதில்லை. மூன்றாவது ரிபேட் செயலியின் பை. அதை நிரப்புவதும் பெரும்பாலும் தயாரிப்பாளரே என்றாலும், கடைக்கு அதில் தொடர்பில்லை. நீங்கள் வாங்கி முடித்து, ரசீதைப் படமெடுத்து அனுப்பிய பிறகே அது திறக்கும். கடன் அட்டையின் கேஷ்பேக்கை நான்காவது பை எனலாம்; அதைப் பற்றிக் கடைசியில் சிறிது சொல்கிறேன்.

பொது விதி இதுதான்: ஒரு பொருளுக்கு ஒரு பையிலிருந்து ஒரு கூப்பன். ஒரு புட்டி டிடர்ஜென்ட் தள்ளுபடி விலையில் இருக்கும்போதே அதற்குக் கடைக் கூப்பன் ஒன்றையும் தயாரிப்பாளர் கூப்பன் ஒன்றையும் கொடுத்து, வீட்டுக்கு வந்து ரிபேட்டும் கோரலாம். சிவிஎஸ், டார்கெட் போன்ற கடைகள் தங்கள் கூப்பன் விதிகளில் இதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. அதே புட்டிக்கு இரண்டு தயாரிப்பாளர் கூப்பன்களைக் கொடுக்க முடியாது. நான் முதலில் இடறி விழுந்தது இங்கேதான்.

கூப்பனின் பொடி எழுத்தை வாசித்தல்

2016-இல் ஒரு மருந்துக்கடையில் ஷாம்பு வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிய 2 டாலர் கூப்பன் ஒன்று கையில் இருந்தது. அந்தக் கடையின் செயலியில் அதே ஷாம்புக்கு இன்னொரு 2 டாலர் கூப்பன் இருந்ததால், விரலால் தொட்டு அதையும் என் கணக்கில் சேர்த்திருந்தேன். தாளில் வந்தது தயாரிப்பாளருடையது, கடைச் செயலியில் வந்தது கடையினுடையது, ஆக இரண்டும் இரண்டு பைகள் என்பது என் கணக்கு. கைப்பேசி எண்ணை அழுத்தியதும் செயலிக் கூப்பன் விழுந்தது. தாள் கூப்பனை ஸ்கேன் செய்ததும் இயந்திரம் கீச்சிட்டது. காசாளர் இன்னொரு முறை முயன்றார்; இன்னொரு முறை கீச்சிட்டது. எனக்குப் பின்னால் அப்போது ஆறு பேர் நின்றிருந்தார்கள். அவர் பொறுமையாக என் கைப்பேசியை வாங்கி, செயலியிலிருந்த கூப்பனைப் பெரிதாக்கி, அதன் மூலையில் இருந்த ஒரே ஒரு சொல்லின் மேல் நகத்தை வைத்துக் காட்டினார்: ‘மேனுஃபேக்சரர்’.

கடையின் செயலியில் வருவதெல்லாம் கடையின் கூப்பன் அன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். கடைச் செயலிகளில் கிடைக்கும் கூப்பன்களில் பெரும்பகுதி தயாரிப்பாளர்கள் கொடுப்பவையே. கடையின் பெயரும் சின்னமும் பெரிதாக அச்சிட்டிருக்கும் தாள் கூப்பனிலும் இதே பொறி உண்டு. ‘இன்ன கடையில் மீட்டுக்கொள்க’ என்று மேலே இருக்கும், ஆனால் ஓரத்தில் ‘மேனுஃபேக்சரர் கூப்பன்’ என்றும், கீழே பொடி எழுத்தில் கடைகள் அந்தக் கூப்பனைத் திருப்பி அனுப்பிப் பணம் பெற வேண்டிய முகவரியும் இருக்கும். அப்படி ஒரு முகவரி இருந்தால் சின்னத்தை மறந்துவிடுங்கள். அது தயாரிப்பாளரின் பை.

அந்தப் பொடி எழுத்துகளிலேயே இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

‘ஒன் பெர் பர்ச்சேஸ்’ என்பதும் ‘ஒன் பெர் டிரான்சாக்ஷன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கூப்பன் என்று பொருள்படும். மூன்று புட்டி வாங்கினால் மூன்று கூப்பன்கள் கொடுக்கலாம். பின்னது ஒரு பில்லுக்கு ஒரே கூப்பன். ‘பர்ச்சேஸ்’ என்ற சொல்லைப் பார்த்து, கடைக்கு ஒரு முறை போனால் ஒரு கூப்பன்தான் என்று எண்ணிப் பல மாதங்கள் கூப்பன்களை வீணாக்கியிருக்கிறேன். சில கூப்பன்களில் ஒரே நாளில் ஒரே வகைக் கூப்பன் இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘இரண்டு வாங்கினால் 3 டாலர்’ என்னும் கூப்பன், அந்த இரண்டு பொருள்களுக்குமான தயாரிப்பாளர் பையை ஒருசேரப் பயன்படுத்திவிடும். இரண்டாவது புட்டிக்கு வேறொரு தயாரிப்பாளர் கூப்பனைக் கொடுக்க இயலாது.

அளவையும் வகையையும் கூப்பனிலுள்ள படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் பெரும்பாலும் விலை கூடிய வகையே இருக்கும். எழுத்தில் ‘சிறு பயண அளவு நீங்கலாக எதுவும்’ என்று இருக்கலாம். இயந்திரம் படத்தைப் பார்ப்பதில்லை, பார்கோடைத்தான் பார்க்கிறது.

செயலிக் கூப்பன் பொதுவாக ஒரே ஒரு பொருளுக்குத்தான் விழும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மூன்று புட்டி வாங்குகிறவர் ஒரு புட்டிக்குச் செயலிக் கூப்பனையும் மற்ற இரண்டுக்குத் தாள் கூப்பன்களையும் பயன்படுத்தலாம். ஷாம்பு நாளில் எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் இரண்டாவதாக ஒரு ஷாம்புதான்.

கூப்பன்களைச் சேகரித்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நான் தொடங்கிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார் லெட்ஜரை வாங்கி, உள்ளே மடித்து வைத்திருக்கும் கூப்பன் தாள்களை உருவி எடுப்பதே முதல் வேலை. அந்த நாளிதழ் 2025 பிப்ரவரியோடு அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. தாள் கூப்பன்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அஞ்சலில் வரும் விளம்பரக் கட்டிலும், தயாரிப்பாளர்களின் இணையத்தளங்களிலிருந்து வீட்டு அச்சுப்பொறியில் எடுக்கும் வகையிலும், சில சமயம் பொருளின் மேலேயே ஒட்டியும் இன்னும் கிடைக்கின்றன. ஆயினும் இன்று நூற்றுக்கணக்கில் இருப்பவை கடைச் செயலிகளில்தான்.

கூப்பன்களுக்கென்று உறைகள் நிறைந்த தடிமனான கோப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு கடைக்குப் போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தபால் உறை ஒன்று போதும். அந்த வாரம் வாங்கப் போகும் பொருள்களின் கூப்பன்கள் மட்டும் அதில் இருக்கட்டும், உறையின் மேலேயே வாங்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதுங்கள். தொடக்கக்காரர்கள் இரண்டு கடைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்: ஒரு மருந்துக்கடை, ஒரு சூப்பர்மார்க்கெட். காஸ்ட்கோவும் ஆல்டியும் தயாரிப்பாளர் கூப்பன்களை ஏற்பதில்லை என்பதால் இந்த முறைக்கு அவை பயன்படா. அவற்றின் விலை பல பொருள்களுக்கு ஏற்கெனவே குறைவு என்பது வேறு விஷயம். அரிசியும் எண்ணெயும் நான் இன்றும் காஸ்ட்கோவில்தான் வாங்குகிறேன்.

தள்ளுபடிக்குக் காத்திருத்தல்

கூப்பன் கிடைத்த வாரமே அதைச் செலவழிப்பது தொடக்கக்காரர்கள் எல்லாரும் செய்யும் தவறு. 8 டாலர் 49 சென்ட் விலையில் 2 டாலர் கூப்பனைப் போட்டால் 6 டாலர் 49 சென்ட். அதே புட்டி தள்ளுபடியில் 5 டாலர் 99 சென்டுக்கு வரும் வாரத்தில் கூப்பனே இல்லாதவர் உங்களைவிட மலிவாக வாங்கிப் போய்விடுவார். அமெரிக்கக் கடைகளில் டிடர்ஜென்ட், பற்பசை, தாள் சுருள் போன்றவை சில வாரங்களுக்கு ஒரு முறை தள்ளுபடிக்குச் சுழன்று வந்துகொண்டே இருக்கும். சில தள்ளுபடிகளுக்கு ஆண்டுக்கணக்கான மரபே உண்டு. எங்கள் பகுதியில் ஷாப்ரைட் கடைகள் 1971 முதல் நடத்திவரும் ‘கேன் கேன்’ விற்பனை ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் வரும், டப்பா உணவுகளுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

கூப்பனின் காலாவதித் தேதிக்கும் தள்ளுபடி வாரத்துக்கும் இடையிலான இந்தக் காத்திருப்பில்தான் சேமிப்பின் பெரும்பகுதி இருக்கிறது. ஆகவே ஆறு அல்லது ஏழு பொருள்களுக்கு மட்டும், நீங்கள் பார்த்த மிகக் குறைந்த விலையை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மொத்த விலையை எழுதாமல் அலகு விலையை எழுதுங்கள். நியூ ஜெர்சியில் சட்டப்படியே அலமாரிச் சீட்டுகளில் அலகு விலை அச்சிட வேண்டியிருப்பதால் கணக்கிடும் வேலைகூட இல்லை. கூப்பன் போட்ட பெரிய நிறுவனப் பொருளைவிடக் கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருள் அலகு விலையில் மலிவாக இருப்பது அடிக்கடி நடக்கும். அப்போது கூப்பனை உறைக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். கூப்பன் இருக்கிறதே என்பதற்காக வீட்டில் ஒருவரும் தின்னாத சீரியல் நான்கு பெட்டி வாங்கியவன் சொல்கிறேன்.

தள்ளுபடிப் பொருள் தீர்ந்துபோயிருந்தால், ‘ரெயின் செக்’ தருவார்களா என்று சேவை மேசையில் கேளுங்கள். பொருள் வந்த பிறகு அதே தள்ளுபடி விலையில் வாங்க அனுமதிக்கும் சீட்டு அது. எல்லாக் கடைகளும் தருவதில்லை, கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும்.

காசாளர் முன்: எதை முதலில் கொடுப்பது?

இரண்டாவது முறை நான் விழுந்த இடம் இது. ‘20 டாலருக்கு வாங்கினால் 5 டாலர் குறைப்பு’ என்பது போன்ற கூப்பன்களைக் கடைகள் அனுப்பும். அதை வரம்புக் கூப்பன் என்று வைத்துக்கொள்வோம். கடையின் பையிலிருந்து வருவது; ஒரு தனிப் பொருளுக்கு உரியதாக இல்லாமல் மொத்தப் பில்லுக்கு உரியது.

மேலே சொன்ன என் சனிக்கிழமைப் பில்லையே எடுத்துக்கொள்வோம். டிடர்ஜென்ட் தள்ளுபடி விலையில் புட்டி 5 டாலர் 99 சென்ட். மூன்றுக்கு 17 டாலர் 97 சென்ட். 20 டாலர் வரம்பை எட்ட 2 டாலர் 3 சென்ட் குறைகிறது. பாத்திரம் கழுவும் திரவம் 2 டாலர் 99 சென்டுக்குத் தள்ளுபடியில் இருந்ததால் அதைச் சேர்த்தேன். கூட்டுத்தொகை 20 டாலர் 96 சென்ட். கையில் ஒரு வரம்புக் கூப்பனும், டிடர்ஜென்டுக்குத் தலா 2 டாலர் குறைக்கும் மூன்று தயாரிப்பாளர் கூப்பன்களும் இருந்தன.

முதல் காலத்தில் நான் செய்தது போலத் தயாரிப்பாளர் கூப்பன்களை முன்னால் நீட்டினால், பில் 14 டாலர் 96 சென்டுக்கு இறங்கிவிடும். அதன்பின் வரம்புக் கூப்பனைக் கொடுத்தால் பல கடை இயந்திரங்கள் ‘வரம்பு எட்டவில்லை’ என்று மறுத்துவிடும். மேலாளர் வர வேண்டும், எல்லாவற்றையும் நீக்கி மறுபடி தொடங்க வேண்டும், பின்னால் நிற்பவர் வேறு வரிசைக்கு மாறுவார். ஆகவே வரிசை இது: முதலில் உறுப்பினர் எண், அடுத்து வரம்புக் கூப்பன், அடுத்துக் கடையின் மற்றக் கூப்பன்கள், அதன்பின் தயாரிப்பாளர் கூப்பன்கள், இறுதியில் முந்தைய முறை கிடைத்த வெகுமதிச் சீட்டு, மிச்சத்துக்கு அட்டை. கடையின் பை முதலில் திறக்க வேண்டும், பிறர் பை பின்னால் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசைப்படி 20 டாலர் 96 சென்டிலிருந்து 5 டாலர் கழிந்து 15 டாலர் 96 சென்ட்; அதிலிருந்து 6 டாலர் கழிந்து 9 டாலர் 96 சென்ட். வரி 1 டாலர் 6 சென்ட். மொத்தம் 11 டாலர் 2 சென்ட்.

வரம்புக்கு மேல் எப்போதும் ஒரு டாலராவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஒட்டியிருப்பது சென்ற வாரச் சீட்டாக இருந்து பொருள் சில சென்ட் மலிவாக விழுந்தால்கூட வரம்பு தவறிவிடும். வரித்தொகை வரம்புக்குக் கணக்கில் சேராது. சுய சேவை இயந்திரத்தில் இதையெல்லாம் செய்ய முதல் சில முறை முயல வேண்டாம். தாள் கூப்பன் ஒவ்வொன்றுக்கும் விளக்கு எரிந்து ஊழியர் வர வேண்டியிருக்கும். கூட்டம் குறைந்த காலை நேரத்தில், ஆள் இருக்கும் வரிசையே நல்லது. பையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். 2022 மே முதல் நியூ ஜெர்சியின் பெரிய மளிகைக் கடைகள் ஒருமுறைப் பயன்பாட்டுத் தாள் பைகளைக்கூடத் தருவதில்லை.

வரி ஏன் கூடுதலாகத் தெரிகிறது?

9 டாலர் 96 சென்டுக்கு 6.625 விழுக்காடு வரி போட்டால் 66 சென்ட்தானே வர வேண்டும், 1 டாலர் 6 சென்ட் எப்படி வந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நானும் ஒருமுறை இதே கேள்வியோடு சேவை மேசையில் நின்றவன்தான். கடை சரி, நான்தான் தவறு. கடை தன் பையிலிருந்து குறைத்த 5 டாலரைக் கடை பெறவே போவதில்லை, எனவே அதற்கு வரி இல்லை. தயாரிப்பாளர் கூப்பனுக்குரிய 6 டாலரைக் கடை தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுக்கொள்ளும். எனவே சட்டத்தின் பார்வையில் அந்தப் பொருள் அந்த 6 டாலரையும் சேர்த்த விலைக்கே விற்கப்பட்டிருக்கிறது. வரி 15 டாலர் 96 சென்டுக்குத்தான். தாள் துவாலை, கழிப்பறைத் தாள், குழந்தைகளின் டயாப்பர் போன்ற வீட்டுத் தாள் பொருள்களுக்கு நியூ ஜெர்சியில் விற்பனை வரியே இல்லை. வரம்பை எட்ட ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தால் அவற்றில் ஒன்றைச் சேர்ப்பது என் வழக்கம். வேறு மாநிலங்களில் விதி வேறாக இருக்கும்.

ரிபேட் செயலிகள்

ஐபோட்டா, ஃபெட்ச் இரண்டும் என் கைப்பேசியில் இருக்கின்றன. ஃபெட்ச் எந்தக் கடையின் ரசீதையும் வாங்கிக்கொண்டு புள்ளிகள் தரும். 1,000 புள்ளிகள் சேர்ந்தால்தான் 1 டாலர் மதிப்பு. யோசிக்காமல் படமெடுத்துப் போடலாம், அதற்கேற்ற கூலி. உண்மையில் பணம் தருவது ஐபோட்டா: குறிப்பிட்ட பொருளுக்கு இத்தனை டாலர் என்று டாலரிலேயே பேசும், 20 டாலர் சேர்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம். தொடக்கக்காரர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதானால் ஐபோட்டாவைத்தான் சொல்வேன். மின்னஞ்சல் பெட்டியை இணைத்தால் இணைய ரசீதுகளைத் தாமாகவே எடுத்துக்கொள்வதாகச் செயலிகள் கேட்கும். என் மின்னஞ்சலை வாசிக்க நான் யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை.

கடைக்குப் புறப்படும் முன்பே சலுகையைத் தொட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அலமாரி முன் நின்று செயலியிலேயே பார்கோடை ஸ்கேன் செய்து, அளவும் வகையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 92 அவுன்ஸ் புட்டிக்கு உரிய ரிபேட் 84 அவுன்ஸ் புட்டிக்குக் கிடைக்காது. ரசீதைப் படமெடுக்கும்போது கடையின் பெயர், தேதி, கூட்டுத்தொகை மூன்றும் தெரிய வேண்டும். மருந்துக்கடை ரசீதுகள் இங்கே ஊரறிந்த நகைச்சுவை; நான்கு பொருளுக்கு வேட்டி நீளம் வரும், இரண்டு மூன்று படங்களாகத்தான் எடுக்க வேண்டும். ரசீதை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கரண்டியோ கிண்ணமோ வைத்துப் படமெடுங்கள். வெப்பத் தாள் என்பதால் கார் முகப்பில் வெயிலில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். அப்படி ஒரு கோடையில் என் 6 டாலர் போயிற்று.

ரிபேட்டும் தயாரிப்பாளர் பையிலிருந்துதானே வருகிறது, பிறகு எப்படிக் கூப்பனோடு சேர்க்க முடிகிறது என்று கேட்கலாம். கூப்பன் கடையின் பில்லில் தீர்ந்துவிடுகிறது. ரிபேட் பில்லுக்கு வெளியே, வேறொரு நிறுவனத்தின் கணக்கில் வருகிறது. ஒன்றை மற்றொன்று தடுப்பது அரிது. ஆனால் ஒரே ரிபேட் இரண்டு பெயரில் வருவதுண்டு. வால்மார்ட் செயலியில் ‘வால்மார்ட் கேஷ்’ என்று தெரியும் சலுகைகளை வழங்குவது ஐபோட்டா நிறுவனமே. ஒரு புட்டிக்கு அங்கே பெற்றதை ஐபோட்டா செயலியில் மறுபடியும் கோர முடியாது.

வெகுமதிச் சீட்டு பணமா?

சிவிஎஸ் கடையின் ‘எக்ஸ்ட்ராபக்ஸ்’ போல, அடுத்த முறை செலவிடத் தரும் சீட்டைப் பலர் சேமிப்புக் கணக்கில் முழுதாகக் கழித்துவிடுகிறார்கள். 11 டாலரில் 2 டாலர் ரிபேட், 4 டாலர் வெகுமதி போக 5 டாலருக்கு வாங்கினேன் என்பார்கள். நான் 9 டாலருக்கு வாங்கினேன் என்றே சொல்வேன். சீட்டுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது, வேறு கடையில் செல்லாது, ரொக்கமாகவும் மாறாது. அதைச் செலவிட மறுபடி அங்கே போய் இன்னொரு 15 டாலருக்கு வாங்கினால் அது கடையின் சேமிப்பு. அடுத்த வாரம் வாங்க வேண்டிய ஒரு பொருள் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் மட்டுமே அதைப் பணமாகக் கொள்ளலாம். ‘இத்தனை டாலருக்கு வாங்கினால் வெகுமதி’ என்ற சலுகையில் அந்தத் தொகையைக் கூப்பனுக்கு முன் கணக்கிடுகிறார்களா, பின்பா என்பது சலுகைக்குச் சலுகை மாறும். பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

அட்டை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் புளூ கேஷ் பிரிஃபர்ட் அட்டை சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை 6 விழுக்காடு திருப்பித் தரும். ஆனால் டார்கெட், வால்மார்ட், காஸ்ட்கோ ஆகியவை அந்தக் கணக்கில் சூப்பர்மார்க்கெட் ஆகா. டார்கெட்டுக்கே போகிறவருக்கு அந்தக் கடையின் சொந்த அட்டை தரும் 5 விழுக்காடு மேல். மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். வட்டி எல்லாக் கூப்பனையும் தின்றுவிடும்.

பின்னர் சேர்த்தவை

இதை முதலில் எழுதிய பிறகு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கேயே விடை எழுதுகிறேன்.

கடைச் செயலியில் பணம் கட்டி வாசலில் எடுத்துக்கொள்ளும் முறையில் தாள் கூப்பன் பெரும்பாலும் செல்லாது; செயலிக் கூப்பன் மட்டுமே விழும். இரண்டையும் பயன்படுத்த நினைப்பவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கூப்பனில் குறைந்த தொகை பொதுவாகக் கையில் வராது; நீங்கள் உண்மையில் கொடுத்த தொகைதான் திரும்பும். வரம்புக் கூப்பன் பயன்படுத்திய பில்லில் ஒரு பொருளை மட்டும் திருப்பினால், அந்த 5 டாலரை நான்கு பொருள்களுக்கும் பங்கிட்டுக் கழித்தே தருவார்கள். பிடிக்காமல் போகக்கூடிய புதுப் பொருள்களை அத்தகைய பில்லில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

வாட்ஸ்அப் குழுவில் வந்த கூப்பன் படத்தை அச்சிட்டுக் கொடுக்கலாமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. உண்மையான கூப்பனாகவே இருந்தாலும் அதன் நகல் செல்லாது. வீட்டில் அச்சிடும் கூப்பனுக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு. நம்ப முடியாத அளவுக்குப் பெரிய தொகையுள்ள கூப்பன்கள் கள்ளக் கூப்பன்களாகவே இருக்கும். வர்ஜீனியாவில் கள்ளக் கூப்பன் தயாரித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 2021-இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலாவதியான தாள் கூப்பன்களை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. இங்குள்ள கடைகளில் அவை செல்லாது. ஆனால் வெளிநாடுகளிலுள்ள அமெரிக்க ராணுவத் தளங்களின் மளிகைக் கடைகள், காலாவதியான நாளிலிருந்து ஆறு மாதம் வரை தயாரிப்பாளர் கூப்பன்களை ஏற்கின்றன. சில நூலகங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் அதற்காகவே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். உணவுப் பொருள் கூப்பன்களையும் மற்றவற்றையும் தனித்தனிக் கட்டாகப் பிரித்து, காலாவதியாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆனவற்றை நீக்கிவிட்டுப் போடுங்கள். கடல் கடந்து போய்ச் சேரவும் நாள் பிடிக்கும்.